கொறற்றி அக்கா தலை பார்த்த கதை

ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு நேர்ஸ் அக்கா இருக்கிறாவாம். அவ வேலை செய்யும் ஆசுப்பத்திரியில் ஜேர்மன்காரர் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒளித்து வைத்திருக்கும் எண்ணெயில் ஒரு போத்தல் அவவின் கையில் இருக்கிறதாம். கைக்குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சளாய்ப் படியுமே பொருக்கு, அதில் அந்த எண்ணெயைப் பூசி மாதாவின் மந்திரம் ஒன்றைச் சொன்னால், மூன்றாம் நாள் தொப்பி கழற்றின மாதிரிப் பொருக்கு முழுதாகக் கையோடு வருமாம்.

இது எசனில் சொல்லப்பட்ட அளவு. டோட்முண்டில் மூன்று நாள் ஒரு நாளாகிவிட்டது. ஸ்ருட்கார்ட்டில் எண்ணெய்க்குப் பொன்னிறம் வந்துவிட்டது. பேர்லினில் அந்த அக்காவுக்கு ஒரு ஜேர்மன் டொக்ரரையே கட்டி வைத்துவிட்டார்கள். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்குக் கடிதம் எடுக்கவேண்டிய காலம் அது. கதைகளுக்கு அந்தச் சட்டம் இருக்கவில்லை.

சரிபார்க்கலாம் என்று புறப்பட்டதில் முதலில் பிடிபட்டது போத்தல். அது எசனின் அல்ரன்எசன் பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றின் குசினித் தட்டில், மிளகாய்த்தூள் ரின்னுக்குப் பக்கத்தில் இருந்தது. தெருமுனை மலிவுக் கடையில் எவரும் வாங்கக்கூடிய ஒலிவ் எண்ணெய். வீட்டுக்காரர் லோறன்ஸ் அண்ணை பனிக்காலத்தில் தன் குதிக்கால் வெடிப்புக்கும் அதையே பூசுகிறார். பொன்னிறம் என்பது மட்டும் உண்மை.

இரண்டாவது, மந்திரம். எண்ணெய் பூசினால் பொருக்கு ஊறவேண்டும். ஊறுவதற்கு முன் தொட்டால் தோல் நோகும். கையெல்லாம் எண்ணெயாக இருக்கையில் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு இருக்க ஏலாது. ஒரு செபமாலை சொல்லி முடிக்க இருபது நிமிடம் பிடிக்கும். ஆகவே அந்த வீட்டுக்காரி, லோறன்ஸ் அண்ணையின் மனைவி கொறற்றி, நேரம் பார்ப்பதற்காகச் செபமாலை சொன்னா. முட்டை அவிப்பதற்கும் அவ அப்படித்தான், அதற்குச் செபமாலையின் பத்து மணிகளோடு நிறுத்திக்கொள்வா. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த தாய்மார் எண்ணெயை விட்டுவிட்டு வாயைக் கவனித்தார்கள். வேதவல்லி என்ற ஒரு சைவப் பிள்ளை கொப்பியும் பேனையுமாக வந்து முழுவதையும் எழுதிக்கொண்டு, "அக்கா, இதை மச்சம் சாப்பிட்ட நாளில சொல்லலாமோ?" என்று கேட்டுக்கொண்டு போனாள்.

மூன்றாவது, நேர்ஸ். இதைச் சரிபார்க்கத்தான் நாள் எடுத்தது. ஏனென்றால் இதில் பொய் சொன்னவர் என்று ஒருவரையும் பிடிக்க முடியவில்லை.

கொறற்றி அக்கா மன்னாரில் பேசாலைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி. எண்பத்துநாலாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நேர்ஸ் பயிற்சிக்கு எடுபட்டதாகக் கடிதம் வந்தது. கடிதம் வந்த கிழமை பாதை பூட்டிவிட்டார்கள். பாதை திறந்தபோது ஆமியும் திறந்துகொண்டு வந்தது. எண்பத்தாறில் கிழக்கு பேர்லின் வழியாக இங்கே வந்து, மொழி கொஞ்சம் பிடிபட்டதும் நேர்ஸ் பயிற்சிக்கு ஒரு அன்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிப் போட்டா. உங்களுடைய வதிவிடமே தீர்மானமாகவில்லை, அது தீர்மானமானபின் யோசிப்போம் என்று மரியாதையான பதில் வந்தது. தீர்மானமானபோது வயது கூடிவிட்டது என்று அதைவிட மரியாதையான பதில் வந்தது. இரண்டையும் ஒரே கோவையில் ஓட்டை போட்டுக் கோத்து வைத்திருக்கிறா. ஜேர்மனியில் அது எல்லோரும் செய்வது.

எண்பத்தெட்டில் ஒரு ஆசுப்பத்திரியில், பிள்ளைப்பேற்று விடுதியில், நிலம் துடைக்கும் வேலை கிடைத்தது. அங்கே நேர்ஸ்மாருக்கும் வெள்ளைக் கோட்டு, துப்புரவு செய்பவர்களுக்கும் வெள்ளைக் கோட்டு. இரண்டுக்கும் வித்தியாசம் கழுத்துப்பட்டியில் ஒரு நீலக்கரை. இரவு முழுக்க வலியில் கிடந்து விடியப் பிள்ளை பெற்றவள் கழுத்துப்பட்டியின் கரையையா பார்ப்பாள்? கண்ணைத் திறந்தால் வெள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டு "எழும்பாதேங்கோ பிள்ளை, தையல் இழுபடும்" என்று தமிழில் சொல்கிறது. டொக்ரர் வந்து ஜேர்மனில் ஏதோ பொரிந்து தள்ள, கோட்டு அதைத் தமிழில் சுருக்கித் தருகிறது. வீட்டுக்குப் போன தாய்மார் அத்தனை பேரும் சொன்னார்கள்: அங்கே எங்கட நேர்ஸ் ஒருத்தி இருக்கிறா.

அவ நான் நேர்ஸ் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நேர்ஸ் இல்லை என்றும் சொன்னதில்லை. ஆனால் துடைத்துக்கொண்டே பார்த்தா. குழந்தையின் தலையில் நேர்ஸ்மார் எதைப் பூசுகிறார்கள், எவ்வளவு நேரம் விடுகிறார்கள், எந்தப் பிரஸ்ஸால் எப்படி உருட்டி எடுக்கிறார்கள், நகத்தால் கிள்ளின தாய்க்கு எப்படிப் பேச்சு விழுகிறது, எல்லாம் பார்த்தா. சட்டியில் அடிப்பிடித்த பால் மாதிரி இருப்பதால் ஜேர்மன்காரர் அதைப் பால்பொருக்கு என்கிறார்கள் என்றும், விட்டால் அதுவாகவே போய்விடும், தாய்க்குத்தான் பொறுக்காது என்றும் தெரிந்துகொண்டா. ஏழு வருடம் மொப்பைப் பிடித்துக்கொண்டு படித்த படிப்பு.

வீட்டில் ரெலிபோன் அடித்தால் எடுப்பது லோறன்ஸ் அண்ணை. அவர் பாண் சுடும் தொழிற்சாலையில் விடியற்கால வேலை, பின்னேரம் வீட்டில் இருப்பார்.

"ஓம், ஓம், அவ இருக்கிறா. இப்பதான் டியூட்டி முடிஞ்சு வந்தவ. எத்தினை மாசப் பிள்ளை?"

"ஏனப்பா டியூட்டி, டியூட்டி எண்டு சொல்லுறியள்?" என்று கொறற்றி அக்கா கேட்பா.

"பின்னை என்னப்பா? நிலம் துடைக்கிறது டியூட்டி இல்லையே?"

வாதத்தில் பிழை பிடிக்க முடியாது. அவவும் பெரிதாகப் பிடிக்க முயன்றதில்லை. விடுதியில் எட்டு மணித்தியாலமும் அவ வந்தால் ஆட்கள் காலைத் தூக்குவார்கள். பின்னேரங்களில் அவ வந்தால் ஆட்கள் எழும்பி நிற்பார்கள். பிறந்தநாள் விழாக்களில் முன்வரிசையில் கதிரை. "நேர்ஸ் அக்கா சொன்னா" என்றால் புருஷன்மாரே வாய் மூடுவார்கள். தபாலில் வராமல் போன உத்தியோகம் ஒன்று அல்ரன்எசனில் தானாக வந்து சேர்ந்திருந்தது. அதைத் திருப்பி அனுப்ப எந்த அலுவலகமும் இல்லை.

அப்படியிருக்க, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பனிக்காலத்தில் ஸ்ரீதரனுக்கும் கஜந்திக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்தது.

ஸ்ரீதரன் சீனச் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் வேலை. கஜந்திக்கு இருபத்துமூன்று வயது, ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம். அவளுக்கு மேலே அதிகாரியாக அவளுடைய தமக்கை ஜெயமலர், இரண்டு தெரு தள்ளி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டைக் கழிக்கும் சடங்கு. அன்றுதான் பிள்ளையின் தலைமயிரை வழித்து, பெயர் வைத்து, சனத்துக்குச் சாப்பாடு போடுவது. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் மண்டபம் பிடித்தாயிற்று, வீடியோக்காரருக்குச் சொல்லியாயிற்று, எசனில் பாதிக்கு அழைப்பு போயாயிற்று. தலை வழிக்கிற ஆள் மட்டும் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"இந்தப் பொருக்குக்கு மேலாலை நான் கத்தி வைக்கமாட்டன். முதல்ல தலையைத் துப்புரவாக்கித் தாங்கோ."

ஆகவே இருபத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், கொறற்றி அக்காவுக்கு ரெலிபோன் வந்தது. அவ போத்தலும் பிரஸ்ஸும் ஒரு பருத்தித் துவாயும் எடுத்துக்கொண்டு போனா.

ஜெயமலர் கதவைத் திறந்தாள். "வாங்கோ அக்கா, வாங்கோ. உங்களை நம்பித்தான் மண்டபமே நிக்குது. இவள் எல்லாம் வைச்சுப் பாத்திட்டாள், அசையுதில்லை."

"என்ன வைச்சனியள்?"

"முதல் தேங்காயெண்ணெய். அது இந்தக் குளிருக்கு மெழுகு மாதிரி இறுகிப் போச்சு. பேந்து பயற்றம் மா. பேந்து கொழும்பிலையிருந்து வேப்பிலை எடுப்பிச்சனாங்கள், அது தபாலில தூளாய் வந்தது. பேந்து இவர் கடையிலயிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்தார்."

"சீனன்ர கடையிலயிருந்தோ?"

"நல்லெண்ணெய் ஆரின்ர கடையில எண்டாலும் நல்லெண்ணெய்தானே?" என்றான் ஸ்ரீதரன்.

சீனக்கடை எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, தேநீர் நிறம், சொட்டு விட்டால் அறை மணக்கும். அதை அவர்கள் தாளித்த சாப்பாட்டின் மேல் மணத்துக்குத் தெளிக்கிறார்கள். ஸ்ரீதரன் ஒரு கரண்டி நிறையப் பிள்ளையின் தலையில் வைத்திருந்தான். அன்றிலிருந்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால் திரும்பவும் வேலைக்குப் போன மாதிரி இருக்கிறது என்று அவனே சொல்லிச் சிரித்தான். கஜந்தி சிரிக்கவில்லை.

கொறற்றி அக்கா பிள்ளையை மடியில் கிடத்திக் கம்பளித் தொப்பியைக் கழற்றினா. எண்ணெய்ப் போத்தலைத் திறக்கவில்லை. காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்தா. பொருக்கு உச்சியில் மட்டும் நிற்கவில்லை. ஓரங்களில் சிவந்து, ஈரமாகி, தேன் நிறத்தில் நீர் கசிந்து காய்ந்திருந்தது. தோல் சுட்டது. பிள்ளை அழவும் இல்லை, சும்மா முனகியது.

"பால் குடிக்கிறாவோ?"

"காலமையிலயிருந்து பஞ்சிப்படுறாள், அக்கா" என்றாள் கஜந்தி. "வாயில வைச்சால் நித்திரையாப் போறாள்."

கொறற்றி அக்கா தொப்பியைத் திரும்பப் போட்டா. "இது எண்ணெய் அலுவல் இல்லை. கோட்டைப் போடுங்கோ. இப்பவே ஆசுப்பத்திரிக்குப் போகவேணும்."

"டொக்ரர் ஏன்?" என்றாள் ஜெயமலர். "நீங்கள் இருக்கிறியள்தானே. என்ர மகன் தாரகனுக்கு நீங்கள்தானே பாத்தனீங்கள். கிறீமைப் பூசி ஒரு ஊசியைப் போட்டுவிடுங்கோ. ஞாயிறு கழியட்டும், திங்கள் நானே டொக்ரரிட்டை ரெர்மின் எடுத்துக் கூட்டிக்கொண்டு போறன்."

"திங்கள் மட்டும் வைச்சிருக்க ஏலாது."

"அக்கா, விளங்காமல் கதைக்காதேங்கோ. இந்தக் கோலத்தில பிள்ளையைக் கொண்டுபோனால், பிள்ளை வளக்கத் தெரியாத சனம் எண்டு எழுதி, யூகன்ட்அம்ற்றுக்கு அறிவிச்சு, பிள்ளையைப் பறிச்சு வெள்ளைக்காரனுக்குக் குடுத்திடுவாங்கள். டூயிஸ்பேர்க்கில நடந்தது."

டூயிஸ்பேர்க்கில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. டூயிஸ்பேர்க் சனத்தைக் கேட்டால் அது எசனில் நடந்தது என்பார்கள். ஆனாலும் குழந்தைகள் நலன் பார்க்கும் அந்த அலுவலகத்தின் பெயரைச் சொன்னால் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரு நிமிடம் பேச்சு நிற்கும். இங்கேயும் நின்றது. கஜந்தி பிள்ளையைப் பார்த்தாள், தமக்கையைப் பார்த்தாள், கடைசியாகக் கொறற்றி அக்காவைப் பார்த்தாள்.

"நீங்கள் நேர்ஸ். உங்களுக்குத் தெரியாததே? நீங்களே பாருங்கோ அக்கா. எனக்கு உங்களிலதான் நம்பிக்கை."

கொறற்றி அக்கா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தா. நேர்ஸ் சொன்னாலும் டொக்ரர் பார்க்கவேண்டும் என்றா. அது எடுபடவில்லை. வீட்டில் நேர்ஸ் இருக்கும்போது ஏன் தெருவுக்குப் போவது என்பது அவர்கள் பக்கத்து நியாயம். மூன்றாம் தரம் வேறு மாதிரிச் சொன்னா.

"பிள்ளை, நான் நேர்ஸ் இல்லை. நான் அந்த விடுதியில நிலம் துடைக்கிறன்."

சமையலறையில் ஏதோ கொதித்து வழிந்தது. ஒருவரும் போய் அணைக்கவில்லை.

"பகிடி விடாதேங்கோ" என்றாள் ஜெயமலர்.

"பகிடி இல்லை. மொப்பும் வாளியும். காலமை ஆறு மணியிலயிருந்து."

"அப்ப என்ர தாரகன்ர தலைக்குப் பாத்தது?"

"எண்ணெய் பாத்தது."

"ஏழு வருசமாய் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே!"

"ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்குத் தெரிஞ்சது எண்ணெய் வைக்கிறது மட்டும். எது எண்ணெயில நிக்காது எண்டும் தெரியும். இப்பிடி வந்த பிள்ளையளை அங்கை எப்பிடித் தூக்கிக்கொண்டு ஓடினவை எண்டு நான் பாத்தனான். வாளியை ஒதுக்கி வழி விட்டதே நான்தான்."

ஸ்ரீதரன்தான் முதலில் எழும்பினான். நேர்ஸின் சொல்லுக்கு அசையாதவன் துப்புரவுக்காரியின் சொல்லுக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு சப்பாத்தைத் தேடினான். கொறற்றி அக்கா பிள்ளையைச் சுற்றிக்கொண்டு அவர்களோடு ட்ராமில் ஏறினா. ஜெயமலரும் ஏறினாள். பாதி வழியில் ஜெயமலர், "எண்டாலும் அக்கா, முன்வரிசையில இருத்தினனாங்கள்" என்றாள்.

ஆசுப்பத்திரியில் வாசல் மேசையில் இருந்த மூத்த நேர்ஸ் நிமிர்ந்து பார்த்து, "அட, மொப் இல்லாமல் உம்மை இப்பதான் காணுறன்" என்றா, ஜேர்மனில். மிச்சம் ஏதாவது சந்தேகம் இருந்தால் அதுவும் அங்கேயே தீர்ந்தது. கஜந்திக்கு அவ்வளவு ஜேர்மன் விளங்கும்.

டொக்ரர் பிள்ளையைப் பார்த்த உடனே இரண்டு பேரைக் கூப்பிட்டார். பிறகு, தலையில் என்னென்ன வைத்தீர்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கினார். கொறற்றி அக்கா மொழிபெயர்த்தா. தேங்காயெண்ணெய், பயற்றம் மா, வேப்பிலைத் தூள் வரையும் எழுதினார். வறுத்த எள்ளெண்ணெயில் பேனை நின்றது. இது தலையா, சலாட்டா என்று கேட்டார். அதை அவ மொழிபெயர்க்கவில்லை.

"வேறை ஒண்டும் செய்யேல்லையோ எண்டு கேக்கிறார். ஒளிக்காதேங்கோ."

ஜெயமலர் சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பேன்சீப்பாலை லேசா வழிச்சுப் பாத்தனான்" என்றாள். "கத்தி ஓட வசதியா இருக்கட்டும் எண்டு. இரத்தம் வரேல்லை. கொஞ்சம்தான்."

கஜந்தி தமக்கையைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு டொக்ரர் பேசும்போது ஜெயமலர் நடுவில் வாய் வைக்கவில்லை. கீறின இடத்தில் கிருமி ஏறியிருக்கிறது, இந்த வயதில் அது தலையோடு நிற்காது, திங்கட்கிழமை வந்திருந்தால் நான் வேறு கதை சொல்லவேண்டியிருக்கும் என்றார். இதைக் கொறற்றி அக்கா முழுவதுமாக மொழிபெயர்த்தா. இரண்டு தரம். யூகன்ட்அம்ற் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு நாள் ஆசுப்பத்திரியில் மறித்து வைக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

துடக்குக் கழிவு நிற்கவில்லை. துடக்கு வீட்டுக்குத்தானே என்று ஐயர் வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். வெறுந்தொட்டிலைச் சுற்றி வீடியோ எடுத்தார்கள். கதாநாயகி ஆசுப்பத்திரியில், கையில் மருந்துக்குழாயோடு, வழிக்காத தலையோடு படுத்திருந்தாள். வந்த சனம் சாப்பிட்டு முடிக்கிறதற்குள் செய்தி மண்டபம் முழுக்கப் போய்விட்டது: கொறற்றி நேர்ஸ் இல்லையாம், கிளீனிங்காம்.

"கிளீனிங்காறியிட்டையே எங்கட பிள்ளையளின்ர தலையைக் குடுத்தனாங்கள்?" என்று கொதித்தார்கள். கொதித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்தநாள் விடிய ஐந்து மணிக்கு எழும்பிக் கிளீனிங் வேலைக்குப் போனார்கள். பேர்லினில் கதை வேறு திசையில் வளர்ந்தது. அங்கே அவ டொக்ரர்தான், அரசாங்கம் ஒளிக்கச் சொல்லியிருக்கிறது.

லோறன்ஸ் அண்ணையின் ரெலிபோன் மூன்று மாதம் அடிக்கவில்லை. அடித்தபோது எடுத்து, பழக்கதோஷத்தில் "ஓம், டியூட்டி முடிஞ்சு" என்று தொடங்கி நிறுத்தினார். மறுமுனையில் குமுதினி என்று ஒரு புதுத் தாய்.

"எனக்குத் தெரியும் அண்ணை, அவ கிளீனிங் எண்டு. அதுதான் கேக்கிறன். இந்தப் பொருக்கு எண்ணெயில நிக்குமோ, டொக்ரரிட்டைப் போகவேணுமோ எண்டு ஒருக்கா வந்து பாத்துச் சொல்லச் சொல்லுங்கோ. நேர்ஸ்மார் எண்டால் தங்களுக்குத் தெரியாது எண்டு சொல்லமாட்டினம்."

இப்போது கொறற்றி அக்காவின் வேலை அதுதான். போத்தலைத் திறப்பதா, கோட்டைப் போடச் சொல்வதா என்று பார்த்துச் சொல்வது. முன்வரிசைக் கதிரை போய்விட்டது, மூன்றாம் வரிசையில் இருத்துகிறார்கள். அங்கேயிருந்து சாப்பாட்டு மேசை கிட்ட என்கிறார் லோறன்ஸ் அண்ணை.

ஒரு விஷயம் மட்டும் முடியாமல் கிடக்கிறது. பிள்ளையை மறித்த அந்த வெள்ளிக்கிழமை, நடைபாதையில் நின்ற ஸ்ரீதரன் கொறற்றி அக்காவின் முன்னால் ஒரு நேர்த்திக்கடன் வைத்தான்.

"அக்கா, இவள் சுகமா வந்தால் கேவலார் மாதாவுக்குப் பிள்ளையின்ர உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. நீங்கள் சாட்சி."

"தம்பி, நீர் சைவமெல்லோ?"

"அதுக்கென்ன? ஆவணி மாசம் கேவலார் கோயிலுக்குப் போற பஸ்ஸில பாதிச் சனம் திருநீறு பூசினதுதானே."

பிள்ளை சுகமாக வந்தது. அப்போது அதன் உயரம் ஐம்பத்துமூன்று சென்ரிமீற்றர், வைத்தியப் புத்தகத்தில் பதிந்திருக்கிறது. அந்த வருட ஆவணியில் ஸ்ரீதரனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த ஆவணியில் போனார்கள். பிள்ளை எண்பதைத் தாண்டியிருந்தது, கடையில் இருந்த ஆகப் பெரிய திரி அறுபது, கொழுத்தாமல் திரும்பினார்கள். மூன்றாம் ஆவணிக்கு முன்னர் அவன் கொறற்றி அக்காவிடம் வந்து பேரம் பேசிப் பார்த்தான்.

"நேர்ந்த நாளில ஐம்பத்துமூண்டுதானே அக்கா. அந்தக் கணக்கில ஒண்டைக் கொழுத்தினால் காணாதே?"

"நீர் நேர்ந்தது பிள்ளையின்ர உயரத்துக்கு. புத்தகத்தில எழுதின உயரத்துக்கு இல்லை."

"அப்ப ஓடர் குடுத்துத்தான் செய்விக்கவேணும்."

"செய்வியும். கெதியாச் செய்வியும். அவள் வளராமல் நிக்கிறாளோ பாரும்."

கஜந்தி மகளைக் கதவுநிலையோடு நிறுத்தி, உச்சியில் ஒரு புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டாள். தொண்ணூற்றிரண்டு. பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, குதிக்காலை உயர்த்தி, இன்னும் ஒருக்கா அளக்கச் சொன்னது.